மினுக்கினால் பிளேன், மினுக்காவிட்டால் சாட்டிலைட்

கபடி டீம், கேன்டீன் சமோசா, ஹெட்மாஸ்டர் பிரம்பு என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் போன மலர்களில் ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். எனக்கு மிச்சம் வைத்தது மொட்டை மாடிதான். 2001இல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டுக்கு இயற்பியல் சார் பாதிப் பாடத்தை அங்கேதான் நடத்தினார், அதுவும் ஸ்கூல் விட்ட பிறகு.

தண்டையார்பேட்டையில் வானத்தில் சாட்டிலைட் பார்க்கப் போகிறோம் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ஒரு பக்கம் மணலி ரிஃபைனரியின் தீ, இன்னொரு பக்கம் காசிமேட்டு விளக்குகள், நடுவில் புகை. பால்வீதியெல்லாம் புத்தகத்தில்தான். சார் அதற்குக் கவலைப்பட்டதே இல்லை, "நமக்கு இருட்டு வேணாம்டா, டைம் தெரிஞ்சா போதும்" என்பார். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. கீழே நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், அந்த வெயில் பட்டுத்தான் அது தெரிகிறது, அதனால் இருட்டிய பின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், விடியும் முன் அதே அளவு, அவ்வளவுதான் ஆட்டம். (லண்டன் கிளைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஜூன் மாதம் உங்கள் ஊரில் சூரியன் அடிவானத்துக்குக் கொஞ்சம் கீழேயே சுற்றுவதால் ராத்திரி முழுக்கத் தெரியும். 13 டிகிரியில் இருக்கிற சென்னைக்கு அந்தச் சலுகை இல்லை.)

தலைப்பில் இருப்பது சாரின் முதல் பாடம். சத்தம் போடாமல், சிவப்பு பச்சை எதுவும் காட்டாமல், ஒரே சீராகப் போனால் அது சாட்டிலைட். விட்டு விட்டு மெதுவாக மினுக்கினால் பெரும்பாலும் உருண்டுகொண்டே போகிற பழைய ராக்கெட் துண்டு. தலைக்கு மேலே தாண்டி கிழக்கே இறங்கும்போது பாதியிலேயே பொசுக்கென்று அணைந்ததைப் பார்த்து ஒருத்தன் "சார், பேட்டரி பூட்ச்சு சார்" என்றான். பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று சார் விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் செட்டில் எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த பேட்டரிதான்.

ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையம் அப்போது மேலே இருந்தது. 2001 மார்ச் 23, நாங்கள் பரீட்சை ஜுரத்தில் இருந்த நாட்களில், அதைத் தென் பசிபிக் கடலில் இறக்கிவிட்டார்கள்.

ஆனால் எங்கள் காலத்து ஹீரோ என்றால் இரிடியம்தான். போன் பேசுவதற்காக 1997 முதல் மேலே போன 66 செயற்கைக்கோள் கூட்டம், ஒவ்வொன்றிலும் கதவு அளவில் பளபளக்கும் மூன்று ஆன்டெனா. வாட்ச் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் கரும்பலகையில் ஆட்டுவோமே, அதே வேலையை அந்த ஆன்டெனா பூமி மீது செய்தது. அந்த வெளிச்சத் திட்டு சரியாக உங்கள் மீது விழுந்தால் சில விநாடிகள் வெள்ளிக் கிரகத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரிந்து அடங்கும், அதிகம் தள்ளி நின்றால் சாதாரணப் புள்ளிதான். டி.எச். ரோடு பிரவுசிங் சென்டரில் எந்த சாட்டிலைட் எப்போது தெரியும் என்று சொல்லும் ஹெவன்ஸ்-அபோவ் தளத்தைத் திறந்து, சார் எழுதிக்கொடுத்த அட்சரேகை தீர்க்கரேகையைத் தட்டி, விநாடி வரை நேரம் குறித்துக்கொண்டு வருவோம். ரேடியோ நியூசுக்கு முன் வரும் பீப் சத்தத்துக்கு வாட்சைத் திருத்தி வைப்பது ஒருத்தனின் தனி வேலை. இத்தனைக்கும் அந்தக் கம்பெனி 1999லேயே திவாலாகியிருந்தது! கம்பெனி கைமாறி, சாட்டிலைட்டுகள் தப்பித்தன. 2017இல் தொடங்கி அவற்றுக்குப் பதிலாக விட்ட புதியவற்றில் அந்தக் கண்ணாடிக் கதவு இல்லை. இப்போதைய பிள்ளைகள் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் சாட்டிலைட்டுகளின் வரிசையைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், சரி, அதுவும் அழகுதான், ஆனால் இரிடியம் பக்கத்தில் வராது.

இப்போது வளைகுடாக்காரர்களுக்கு ஒரு விஷயம். நான் ஷார்ஜாவில், தங்கை இன்னும் தண்டையார்பேட்டையில். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது, அதற்குள் பூமி கிழக்கே 23 டிகிரி போல உருண்டுவிடுகிறது. சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 25 டிகிரி, கடிகார வித்தியாசம் ஒன்றரை மணி. கணக்கு புரிகிறதா? ஒரு சுற்று முடிவதற்குள் சென்னை இருந்த இடத்துக்கு ஏறக்குறைய ஷார்ஜா வந்துவிடுகிறது. அவள் ஆறே முக்காலுக்குப் பார்த்த அதே நிலையம், சில மாலைகளில், அடுத்த சுற்றில் எனக்கும் ஆறே முக்கால் வாக்கில் தெரிகிறது. எல்லா நாளும் இல்லை. தாழ்வாகத்தான் போகும், எதிர் பில்டிங் மறைத்துக்கொள்ளும், புழுதி இருந்தால் அதுவும் போச்சு. ஆப் பார்த்தாலே நேரம் தெரியும் என்பீர்கள், தெரியும்தான். ஆனாலும் "இப்போ போச்சுண்ணா, ரெடியா இரு" என்று அவள் மெசேஜ் வந்தால்தான் நான் கார் பார்க்கிங்குக்கு இறங்குவேன். மஸ்கட், தோஹாவில் இருக்கிற நம் செட் ஆட்கள் யாருக்காவது ஆசை இருந்தால் குரூப்பில் சொல்லுங்கள், அந்த மெசேஜை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறேன்.