மாமியாரின் தாய்மாமாவைத் தேடிக் கண்டுபிடித்த கதை

என் கணவர் வீட்டார் இங்கிலாந்தின் டோர்செட் கவுண்டிக்காரர்கள். ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் பக்கம், ப்ளாக்மோர் வேல் என்று சொல்லும் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன கிராமம். ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதில் வரும் உறவினர்கள் இப்போது உயிரோடு இருப்பவர்கள். மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய அம்மா கடைசிவரை ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்: மூத்த அண்ணனைச் சின்னப் பையனாக இருக்கும்போதே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், அப்புறம் ஒரு தகவலும் இல்லை என்று. எந்த நாட்டுக்கு என்று கேட்டால் ஆஸ்திரேலியா என்பாராம். அண்ணன் போனபோது இவர் தவழ்ந்து முடித்து நடக்கத் தொடங்கிய குழந்தை, அதனால் அதுவும் யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

தான் கண்ணை மூடுவதற்குள் அவர் என்ன ஆனார் என்று தெரிய வேண்டும் என்று மாமியார் சொன்னபிறகுதான் நான் இதில் இறங்கினேன். இப்போது தெரிந்துவிட்டது. அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ஆனால் இடையில் வீணாய்ப் போன காலத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இதே மாதிரி தேடுகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

பிறப்புப் பதிவு சீக்கிரமே கிடைத்தது. 1897. அந்த மாவட்டத்தில் அதே பெயரில் இன்னொரு பையனும் இருந்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குடும்ப வரலாறு தேட உதவும் பல இணையதளங்களில் இருக்கும் பழைய பிறப்பு அட்டவணையில் 1911-க்கு முன்னால் பிறந்தவர்களுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்காது. அரசின் பொதுப் பதிவு அலுவலகமே, அதாவது ஜிஆர்ஓ, தன் தளத்தில் வைத்திருக்கும் அட்டவணையில் 1837 முதலே அது உண்டு. பார்க்கக் காசு கிடையாது, கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். தாயின் பெயரை வைத்து எங்கள் பையன் எவன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கியிருப்போம்.

சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பமே இல்லை. சந்தா கட்டிச் சேர்ந்த தளத்தில் எத்தனை விதமாகத் தேடியும் ஒன்றும் வரவில்லை. உதவி மையத்துக்கு எழுதினால் "தாங்கள் தேடும் நபர் பதிவில் இல்லை" என்று ஒரு வரி பதில். இல்லாமல் எப்படிப் போவார்கள்? இரண்டு வருஷம் கழித்து அதே ஊரில் இன்னொரு குழந்தை பிறந்து பதிவாகியிருக்கிறதே!

அந்தக் குடும்பப் பெயர் ஹெச் எழுத்தில் தொடங்கும். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சில் முதலில் வரும் ஹெச்சை விழுங்கிவிடுவார்கள். எழுதத் தெரியாத வீடுகளில் கணக்கெடுப்புக்காரரே வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போவார், காதில் விழுந்ததுதான் பெயர். அதை நூறு வருஷம் கழித்து யாரோ கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அதில் இன்னொரு எழுத்தும் மாறிவிட்டது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பையனின் முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் போட்டுத் தேடியதும் மொத்தக் குடும்பமும் வந்து நின்றது: அப்பா பண்ணைக் கூலி, அம்மா, பிள்ளைகள், நாலு வயதில் எங்கள் பையன். தேடல் பெட்டியில் குடும்பப் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இதை தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

1911 கணக்கெடுப்பில் அப்பா இல்லை, அம்மா விதவையாக இருக்கிறார். பையன் வீட்டில் இல்லை. அந்தப் படிவத்தில் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒரு கேள்வி உண்டு. அது கணவன் இருக்கும் பெண்களுக்கு மட்டுமான கேள்வி. ஆனால் நிறைய விதவைகள் அதற்கும் பதில் எழுதினார்கள், அலுவலகத்தில் அதன்மேல் கோடு கிழித்தார்கள். கோட்டுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு பிறந்து ஐந்து உயிரோடு என்று எழுதியிருக்கிறார் அந்த அம்மா. இறந்த குழந்தை எது என்று எங்களுக்குத் தெரியும், சான்று இருக்கிறது. அப்படியானால் 1911-இல் பையன் உயிரோடுதான் இருக்கிறான், அது அம்மாவுக்கும் தெரியும். மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

இந்தத் தைரியத்தில் ஊருக்கே போய்விடலாம் என்று மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். அந்தப் பயணம் கிட்டத்தட்ட வீண். தேவாலயம் பூட்டியிருந்தது. இப்போதெல்லாம் ஒரே பாதிரியார் பல கிராமங்களைப் பார்த்துக்கொள்கிறார், எந்த ஞாயிறு எந்த ஊர் என்று முறை வைத்திருக்கிறார்கள். பலகையில் இருந்த எண்ணுக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை. திறந்திருந்தாலும் பழைய பதிவேடு அங்கே இருந்திருக்காது, நூறு வருஷம் தாண்டியவற்றைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1978-இலேயே விதி வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். பண்ணைக் கூலிகளுக்குக் கல் வைக்க ஏது காசு? ஒன்றும் இல்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதானால் முதலில் தொலைபேசியில் பேசி, யாராவது திறந்துவிடுவார்களா என்று உறுதி செய்துகொண்டு போங்கள்.

ஆனால் அங்கே நாயோடு நடந்துவந்த ஒரு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்ததில் ஒரு வழி பிறந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் மூடி ரொம்ப நாளாகிறது, அதன் பதிவேடுகள் டோர்செஸ்டருக்குப் போய்விட்டன என்றார். டோர்செஸ்டரில் இருக்கும் டோர்செட் ஹிஸ்டரி சென்டரில் அந்தப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, பென்சில் கொண்டு போனால் போதும். சேர்க்கைப் பதிவேட்டில் கடைசிக் கட்டம் பள்ளியை விட்டதற்கான காரணம். எங்கள் பையனுக்கு நேரே 1908 என்றும் ‘கனடா’ என்றும் எழுதியிருந்தது. ஆஸ்திரேலியக் கப்பல் பட்டியல்களில் போட்ட உழைப்பெல்லாம் போனது போனதுதான், ஆனால் அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றுக்கும் ஈடாக இருந்தது. பள்ளிப் பதிவேட்டைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கிராமத்து ஏழைப் பிள்ளைகளின் பெயர் கிடைக்க நல்ல வாய்ப்புள்ள இடம் அது.

கனடா என்றதும் விஷயம் விளங்கிவிட்டது. 1869-இலிருந்து 1930-கள் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை பிரிட்டனிலிருந்து தொண்டு நிறுவனங்கள் கனடாவுக்கு அனுப்பின. ஹோம் சில்ட்ரன் என்று சொல்வார்கள். ஆண் பிள்ளைகள் பண்ணை வேலைக்கு, பெண் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு. பெரும்பாலானோர் அனாதைகளே இல்லை, அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருந்தார்கள். கணவன் செத்து, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் மூத்தவனையாவது நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? இந்தக் குழந்தை அனுப்பும் திட்டங்களுக்காக பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் 2010-இல் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மாவுக்கு அது எந்த விதத்திலும் போய்ச் சேராது.

கனடா நாட்டு ஆவணக் காப்பகம் இந்தப் பிள்ளைகளின் பட்டியலை இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. ஹெச்சோடு போட்டால் இல்லை. ஹெச்சை எடுத்துவிட்டுப் போட்டேன். வந்துவிட்டது! கப்பல், வயது 11, அனுப்பிய நிறுவனம் எல்லாம்.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பழைய கோப்புகளை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தோம். மாதக்கணக்கில் சத்தமே இல்லை. அப்புறம் உறவுமுறைக்குச் சான்று கேட்டார்கள், அது நியாயம். பையன், அவன் தங்கை, என் மாமியார் மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழையும் அனுப்பினோம். தங்கையின் திருமணச் சான்றிதழ் இல்லை என்று எல்லாம் திரும்பி வந்தது. கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறுவதால் அது இல்லாமல் சங்கிலி அறுந்துவிடுகிறதாம். இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். அதையும் வாங்கி அனுப்பினால் அடுத்த கடிதம்: சம்பந்தப்பட்டவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்று வேண்டும். 1897-இல் பிறந்தவர்! அவர் எங்கே போனார், எப்போது இறந்தார் என்று தெரியாமல்தானே உங்களிடம் வந்து நிற்கிறோம்? தொலைபேசியில் பேசிய பெண் விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எண்பது வயது தாண்டியவர் காத்திருக்கிறார் என்று சொன்னதற்கு, எல்லா விண்ணப்பமும் வரிசைப்படிதான் என்றார். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கதவு மூடியதால்தான் ராணுவப் பக்கம் போனேன். முதல் உலகப் போரில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940-இல் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோயின. ஆனால் கனடியப் படையில் சேர்ந்தவர்களின் கோப்புகள், 6 லட்சத்துக்கும் மேல், முழுசாக ஸ்கேன் செய்து இலவசமாகக் கிடக்கின்றன. ஹோம் சில்ட்ரனில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் படையில் சேர்ந்தார்கள், ஊர் திரும்ப அதுதான் வழி என்று நினைத்தவர்களும் உண்டு. மறுபடியும் ஹெச் இல்லாமல் தேடினேன். 1916-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சேர்ந்திருக்கிறார். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், கிராமத்தின் பெயர், டோர்செட், இங்கிலாந்து. எட்டு வருஷம் ஆகியும் முகவரியை மறக்கவில்லை. கீழே கையெழுத்து, அதிலும் ஹெச் இல்லை. அப்படியே அந்தப் பெயரோடுதான் அவர் கடைசிவரை வாழ்ந்திருக்கிறார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. போர் முடிந்து கனடாவுக்கே திரும்பியிருக்கிறார். 1922-இல் ஒண்டாரியோவில் திருமணம், அந்தப் பதிவில் மணமகனின் தாயுடைய பிறந்த வீட்டுப் பெயர் சரியாக இருந்தது. இங்கிலாந்தின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்துவிட்டது, கனடாவுடையது 2023-இல் வெளியானது. அதில் மனைவி, பிள்ளைகளோடு சொந்தப் பண்ணையில் இருக்கிறார். வீட்டில் ரேடியோ உண்டா என்றுகூட அதில் கேட்டிருக்கிறார்கள், உண்டு என்று பதில். மாமியாருக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த ரேடியோதான்.

உயிரோடு இருப்பவர்களைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ சோதனை. வீட்டில் மூத்தவருக்கு எடுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு எடுத்தால் பொருத்தம் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைந்துவிடும். மாமியாரின் எச்சிலைத்தான் அனுப்பினோம். ஒண்டாரியோவில் ஒரு பெண்ணோடு நானூற்றுச் சொச்சம் சென்டிமார்கன் (இருவரின் டிஎன்ஏ எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் அளவு) பொருந்தியது, மாமன் மகனின் மகளுக்கு எதிர்பார்க்கும் அளவு அதுதான். தளத்தின் வழியாக அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்காக அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்த இறப்பு அறிவிப்பில் வாரிசுகள் பெயர் எல்லாம் இருந்தது, கனடாவில் அப்படிப் போடும் வழக்கம் உண்டு. காகிதத்தில் கடிதம் எழுதி, ராணுவப் படிவத்தின் நகலை வைத்து, பணமோ சொத்தோ சம்பந்தப்பட்டது இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லி, அந்த அறிவிப்பைப் போட்ட ஈமச்சடங்கு நிலையத்தின் மூலம் அனுப்பினேன். பத்தே நாளில் பதில். தளத்துக்கு அவர் உள்ளே போயே வருஷக்கணக்கில் ஆகிறதாம். தாத்தாவுக்கு இங்கிலாந்தில் யாருமே இல்லை என்று நினைத்துத்தான் அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் கொடுத்த இறப்புச் சான்றிதழை அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பியதும் கோப்பு வந்துவிட்டது. பண்ணையைப் பார்வையிட்டவர்களின் குறிப்புகள், ஒரு புகைப்படம், அதோடு அம்மாவின் சார்பில் ஊர் ஆசிரியை எழுதிய ஒரு கடிதம்: பையன் எங்கே இருக்கிறான், முகவரி கொடுங்கள், நான் எழுத வேண்டும் என்று. அதற்குப் பதில் போட்டதாகக் கோப்பில் எதுவும் இல்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கமும் நகலில் விடுபட்டிருக்கிறது. முதல் பக்கத்தை மாமியாரும் கனடாவில் இருக்கும் பேத்தியும் வீடியோ அழைப்பில் சேர்ந்து படித்தார்கள். இரண்டாம் பக்கத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன், வரும்வரை விடப்போவதில்லை.