பீப்பாய்க் கணக்கும் பங்குக் கணக்கும்

லண்டனில் சிறு கம்பெனிகளுக்கான பங்குச் சந்தையான எய்மில் இருக்கும் சின்ன எண்ணெய்த் தேடல் கம்பெனிகளின் பங்கை வாங்குபவர்கள் பெரும்பாலும் பாறையைப் பற்றியே பேசுவார்கள். நில அதிர்வுப் படத்தில் தெரியும் மேடு எவ்வளவு பெரிது, பக்கத்துக் கிணற்றில் எண்ணெய்த் தடயம் இருந்ததா, மேலே இருக்கும் மூடு பாறை கசியுமா என்று பேச்சு நீளும். இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தனிநபர்களின் பணம் கரைவது அதிகமும் பங்குகளின் எண்ணிக்கையில். எண்ணெய் கிடைத்த பிறகும் இந்தத் துறையில் நஷ்டப்பட முடியும். நிறைய பேர் பட்டிருக்கிறார்கள்.

முதலில் பீப்பாய். அறிவிப்பில் வரும் பெரிய எண் எங்கிருந்து வருகிறது என்று நாமே போட்டுப் பார்க்கலாம். பரப்பை ஏக்கரிலும் எண்ணெய்ப் பாறையின் தடிமனை அடியிலும் பெருக்கி, அதை 7,758-ஆல் பெருக்க வேண்டும். பிறகு பாறையின் துளை விகிதம், அந்தத் துளைகளில் தண்ணீர் போக எண்ணெய்க்கு மிஞ்சும் பங்கு ஆகியவற்றால் பெருக்கி, எண்ணெய் மேலே வரும்போது சுருங்கும் அளவால் வகுக்க வேண்டும். 2,000 ஏக்கர், 50 அடி, 18 சதவீதத் துளை, 65 சதவீத எண்ணெய், சுருக்க எண் 1.2 என்றால் சுமார் 7.56 கோடி பீப்பாய். இது நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் மட்டுமே. வெளியே எடுக்க முடிவது 30 சதவீதம் என்று வைத்தால் 2.27 கோடி. அந்த உரிமத்தில் கம்பெனிக்கு 40 சதவீதம் என்றால் 90 லட்சம். தலைப்பில் 7.5 கோடி என்று படித்தவருக்கு உண்மையில் பொருந்தும் எண் இந்த 90 லட்சம்தான். அதிலும் அரசுக்குப் போகும் பங்கை இன்னும் கழிக்கவில்லை.

2015 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையம் அருகே ஹார்ஸ் ஹில் கிணற்றைப் பற்றி யுகே ஆயில் அண்ட் கேஸ் கம்பெனி அறிவித்தபோது நடந்தது இதே குழப்பம். ஒரு சதுர மைலுக்கு 15.8 கோடி பீப்பாய் என்றது அறிவிப்பு. செய்திகளில் அது வட்டாரம் முழுவதற்கும் 10,000 கோடி பீப்பாய் ஆனது. பங்கு எகிறியது. இரண்டுமே பாறைக்குள் இருப்பதாகச் சொல்லப்பட்ட அளவு; 3 முதல் 15 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று கம்பெனி தரப்பே அப்போது சொல்லியிருந்தது. அந்த வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தவர்கள் குறைவு.

கிணறு தோண்டும் முன்னால் சொல்லப்படும் பீப்பாய்கள் எல்லாம் 'எதிர்பார்ப்பு வளம்' என்ற வகை. தோண்டிக் கண்டுபிடித்தும் வணிக ரீதியாக உறுதியாகாதது 'நிபந்தனை வளம்'. எடுத்து விற்கத் திட்டம் தயாராக இருப்பதுதான் 'கையிருப்பு'. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும் விளக்கப்படத்தை நம்பவே வேண்டாம். எரிவாயுவைப் பீப்பாய்க்கு மாற்றிக் காட்டினாலும் கவனம்: 6,000 கன அடிக்கு ஒரு பீப்பாய் என்பது எரிசக்திச் சமன்பாடு மட்டுமே, விலைச் சமன்பாடு அல்ல.

அடுத்தது வாய்ப்பு. எண்ணெய் உருவாகும் பாறை 0.8, தேங்கும் பாறை 0.7, மேட்டு வடிவம் 0.6, மூடு பாறை 0.6 என்று ஒவ்வொன்றும் நல்ல மதிப்பெண் மாதிரித் தெரியும். நான்கும் ஒரே இடத்தில் கூடிவர வேண்டும் என்பதால் பெருக்க வேண்டும். கிடைப்பது 20 சதவீதம். ஐந்தில் நான்கு முறை வறண்ட கிணறு. தகுதிபெற்ற வல்லுநர் கம்பெனிக்காகத் தயாரித்த மதிப்பீட்டு அறிக்கையில் இந்த எண் இருக்கும், பெரும்பாலும் உள்ளே தள்ளி ஓர் அட்டவணையில். அதைத் தேடி எடுங்கள்.

இனி என் பார்வையில் மிக முக்கியமான கணக்கு. நிலத்தடியில் இருக்கும் பீப்பாய் ஒன்றுக்கு 6 டாலர் மதிப்பு என்று வைப்போம். 90 லட்சம் பீப்பாய்க்கு 5.4 கோடி டாலர். இன்று 80 கோடிப் பங்குகள் இருந்தால், வெற்றி பெற்றால் பங்குக்கு 6.75 சென்ட். 20 சதவீத வாய்ப்புக்கு 1.35 சென்ட். சந்தையில் 1 சென்ட்டுக்குக் கிடைக்கிறது, எனவே மலிவு என்று தோன்றும்.

ஆனால் கிணறு தோண்டப் பணம்? 40 கோடிப் புதுப் பங்குகளை வெளியிடுகிறார்கள். அதோடு 20 கோடி வாரன்டுகள், அதாவது முன்பே குறித்த விலையில் புதுப் பங்கு வாங்கும் உரிமைகள், குறைந்த விலையில் ஏற்கனவே வெளியே இருக்கின்றன. இப்போது 140 கோடிப் பங்குகள். வெற்றி மதிப்பு 3.86 சென்ட், வாய்ப்புப்படி 0.77 சென்ட். திரட்டிய பணம் கிணற்றுக்குள் போய்விடும். தோற்றால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. அதே பாறை, அதே எண்ணெய், அதே 1 சென்ட் விலை. மலிவாக இருந்தது விலையுயர்ந்ததாகிவிட்டது. பாறையைப் பற்றி எவ்வளவு விவாதித்தாலும் இந்த மாற்றம் அதில் தெரியாது.

அதனால் எந்த அறிவிப்பையும் படிப்பதற்கு முன்னால் கடைசி அரையாண்டுக் கணக்கைத் திறக்க வேண்டும். எய்ம் விதிப்படி அது அரையாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். கையில் 18 லட்சம் டாலர், நிர்வாகச் செலவு மாதம் 2 லட்சம் என்றால் ஒன்பது மாதம் ஓடும். ஆறு மாதத்தில் தோண்ட வேண்டிய கிணற்றுக்குக் கம்பெனி தன் பாகமாகத் தர வேண்டிய செலவு 40 லட்சம் என்றால் புதுப் பங்கு வெளியீடு நிச்சயம். எப்போது என்பதுதான் கேள்வி. விலை ஏறியிருக்கும்போதுதான். கையிருப்புப் பணம் தீரப்போகும் நேரத்தில் நல்ல செய்தி வரிசைகட்டி வந்தால், அதன் பின்னால் தள்ளுபடி விலையில் வெளியீடு வரும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆஸ்திரேலியச் சந்தையில் இது இன்னும் எளிது: தேடல் கம்பெனிகள் ஒவ்வொரு காலாண்டும் '5பி' என்ற பணப்புழக்க அறிக்கையைத் தர வேண்டும், இன்னும் எத்தனை காலாண்டுக்குப் பணம் இருக்கிறது என்று அதிலேயே இருக்கும்.

பங்காக மாற்றத்தக்க கடன் இருந்தால் அதன் நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள். மாற்று விலை நிலையாக இருந்தால் பரவாயில்லை. 'மாற்றுவதற்கு முந்தைய சில நாட்களின் குறைந்த விலையில் 10 சதவீதத் தள்ளுபடி' என்ற மாதிரி இருந்தால் விலகிவிடுவது நல்லது. கடன் கொடுத்தவர் மாற்றுவார், விற்பார், விலை இறங்கும், அடுத்த முறை அதே கடனுக்கு அதிகப் பங்கு கிடைக்கும், மறுபடி விற்பார். அந்தச் சுழலில் எந்தக் கிணறும் பழைய பங்குதாரரைக் காப்பாற்றாது.

கல்ஃப் கீஸ்டோன் கதையை இதற்காகவே படிக்கலாம். ஈராக்கின் குர்திஸ்தானில் ஷைக்கான் வயலை 2009-ல் கண்டுபிடித்தது. எண்ணெய் உண்மையானது, உற்பத்தியும் நடந்தது. ஆனாலும் 2016-ல் கடன் பங்காக மாற்றப்பட்டபோது பழைய பங்குதாரர்களின் பங்கு சிறு துண்டாகச் சுருங்கியது. காலமும் அதே வேலையைச் செய்யும். ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே ராக்ஹாப்பர் கம்பெனி சீ லயன் வயலை 2010 மே மாதம் கண்டுபிடித்தது. பங்கு பல மடங்கானது. பத்தாண்டு கழித்தும் அங்கிருந்து ஒரு பீப்பாய்கூட விற்பனைக்கு வரவில்லை. உச்சியில் வாங்கியவருக்கு அந்தக் காத்திருப்பே நஷ்டம்.

கிணறு தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் விலை ஏறுவது வழக்கம். முடிவு தெரியும் வரை வைத்திருக்காமல் அந்த ஏற்றத்திலேயே ஒரு பகுதியை விற்று, போட்ட முதலை வெளியே எடுப்பவர்கள் பலர். ஐந்தில் ஒன்று வாய்ப்புள்ள கிணற்றுக்கு அது அறிவான வழி என்றே நினைக்கிறேன்.

முடிவு வரும்போது சொற்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். 'எண்ணெய்த் தடயம்' என்றால் தோண்டும்போது மேலே வரும் துண்டுப் பாறையில் தெரிந்த சுவடு, அவ்வளவே. மொத்தத் தடிமன் வேறு, எண்ணெய் தரத்தக்க நிகரத் தடிமன் வேறு. எடுத்த திரவத்தைச் சோதிக்கும் முன்னால் சொல்லப்படும் எதுவும் உறுதியில்லை: 2010 டிசம்பரில் டிசயர் பெட்ரோலியம் அதே ஃபாக்லாந்துக் கடலில் எண்ணெய் என்று அறிவித்து, சில நாட்களில் அது பெரும்பாலும் தண்ணீர் என்று திருத்தியது.

கிணற்றைத் திறந்து எண்ணெய் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கும் ஓட்டச் சோதனையில், அது வெளியேறும் வால்வின் திறப்பு அளவும் நேரமும் சொல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. முழு ஒரு அங்குல வால்வில் மூன்று மணி நேரம் ஓடிய வேகத்தை நாளைக்கு 2,000 பீப்பாய் என்று பெருக்கிச் சொல்வதைவிட, அரை அங்குலத்தில் 24 மணி நேரம் நிலையாக ஓடிய 800 பீப்பாய் எனக்கு மேல். தண்ணீர் எத்தனை சதவீதம், வந்ததில் துளையிடும் திரவம் எவ்வளவு என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட, கிணற்றை மூடிய பிறகு அழுத்தம் பழைய நிலைக்கு ஏறியதா என்று பாருங்கள். ஏறாமல் நின்றால் பெரும்பாலும் தேக்கம் சிறியது, வேகமாக வற்றும்.

கடைசியாக வாங்கல் விற்றல். வாங்க 1.2, விற்க 1.0 என்று காட்டும் பங்கில் நுழைந்த நொடியே சுமார் 17 சதவீதம் கீழே இருக்கிறீர்கள். எப்போதும் விலை வரம்பு வைத்தே ஆர்டர் போடுங்கள். நஷ்டத் தடுப்பு ஆர்டரை நம்பி கிணற்று முடிவுக்குள் போக வேண்டாம்: அறிவிப்பு காலை 7 மணிக்கு வரும், சந்தை 8 மணிக்குத் திறக்கும்போது விலை நீங்கள் வைத்த தடுப்பு விலையைத் தாண்டி வெகு கீழே இருக்கும், ஆர்டர் அந்த விலையில்தான் நிறைவேறும். அதனால் எத்தனை பங்கு வைத்திருக்கலாம் என்பதை, முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகையை வைத்து முந்தைய நாளே முடிவு செய்ய வேண்டும்.