ஃப்ரீஸுக்கு முன்னால்

மார்ச் 1, 2025, சனி

வேலை அனுமதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி இங்கே தங்குவதற்குக் கைபேசியில் ஒரு தேதி மட்டும்தான். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

வேறு தேதிகளை எழுதி வைக்கிறேன். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வரவிருக்கும் வெளியீடு டிரிக்ஸி. அதற்கு மார்ச் 15 முதல் ஃப்ரீஸ், அதாவது புது மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்துவது. அடுத்தது ஏப்ரல் 15. அன்றைக்குள் டெஸ்டிங்கில், அதாவது வெளியீடாகப் போகும் தொகுப்பில், நுழையாத புதுப் பேக்கேஜுக்கு இந்த வெளியீட்டில் இடமில்லை. அடுத்த வெளியீடு என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம்.

மார்ச் 3, திங்கள்

சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் நூலகம். பத்து மணிக்குக் கதவு திறக்கிறார்கள். பத்து ஐந்துக்குப் பிளக் உள்ள மேசை ஒன்றுகூட மிச்சமில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஒருத்தி தன் சார்ஜரைக் கழற்றிவிட்டு, "நீங்க போட்டுக்கோங்க அங்கிள்" என்றாள். அங்கிளாம்.

பேக்கேஜைத் தனிச்சூழலில் கட்டும் எஸ்பில்டு மறுபடி அதே இடத்தில் செத்தது. நான் பேக்கேஜாக்கும், சிப்புகளுக்கு நிரல் எழுத உதவும் இந்த ஃபிரேம்வொர்க்கில் பைத்தானில் எழுதிய ஒரு கருவி இருக்கிறது. முதல்முறை ஓட்டினால், கேட்காமல் கொள்ளாமல் கம்பைலரை இணையத்திலிருந்து இறக்கி ஹோம் டைரக்டரிக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும். டெபியனிலோ பேக்கேஜ் கட்டும்போது இணையத்தைத் தொடவே கூடாது, அது கொள்கை. சிப்புகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் பிளாட்ஃபார்ம்ஐஓவும் இப்படித்தான் இறக்கிக்கொள்கிறது. பயன்படுத்துகிறவருக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் இறங்குகிற கம்பைலரை யார், எந்த மூலத்திலிருந்து கட்டினார்கள்? 2035இல் ஒருவர் பழைய லிஃப்ட்டின் மின்சுற்றுப் பலகை ஒன்றில் ஒரே ஒரு வரியைத் திருத்த உட்காரும்போது அந்த சர்வர் உயிரோடு இருக்குமா? அவர் என்னதான் செய்வார்? யாருக்கும் இதில் கவலையே இல்லை. ஆர்ம் சிப்புகளுக்கான ஜிசிசி கம்பைலரும் நியூலிப் லைப்ரரியும் டெபியனிலேயே இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துக்கொள்ளும்படி பேட்ச் எழுதினேன்.

ஆர்டுயினோவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அதற்கு நிரல் எழுதும் ஐடிஇயின் இரண்டாம் பதிப்பு 2022இல் வந்தது. டெபியனில் இன்றைக்கும் 1.8.19. எலக்ட்ரான் என்ற வலைத் தொழில்நுட்ப அடித்தளத்தின்மீது கட்டியதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிப் பேக்கேஜாக அடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மார்ச் 4, செவ்வாய்

பரிசீலனையில்.

மார்ச் 6, வியாழன்

பகல் முழுக்க, கம்பைலருக்குக் கொடுக்கும் ஃப்ளாக்குகளோடு சண்டை. சி நிரல் எதுவானாலும் டெபியன் தன் பாதுகாப்பு ஃப்ளாக்குகளைச் சேர்த்துக் கொடுக்கும். அதில் சிஎஃப்-புரொடெக்‌ஷன் என்பது இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டுமானது. கார்ட்டெக்ஸ் எம்3 என்ற ஆர்ம் செயலிக்கான கம்பைலர் அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிடுகிறது. கணினியில் ஓடும் கருவிகளுக்கு ஒரு தொகுப்பு, சிப்பில் ஓடும் நிரலுக்கு ஒரு தொகுப்பு என்று ரூல்ஸ் கோப்பில் பிரித்தேன்.

அப்புறம் ஸ்டிரிப், பைனரியிலிருந்து தேவையற்றதை நீக்கும் கருவி. கணினியின் ஸ்டிரிப்புக்கு ஆர்ம் ஆப்ஜெக்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் படியை விலக்கினேன். அப்புறம் லின்டியன், பேக்கேஜில் பிழை தேடும் கருவி. 'எல்லாக் கணினிக்கும் பொது' என்று அறிவித்துவிட்டு உள்ளே பைனரி வைத்திருக்கிறாயே என்று பிழை காட்டியது. அந்த பைனரி எந்தக் கணினியிலும் ஓடாது, சில வெள்ளிக்கு விற்கும் சிப்பில்தான் ஓடும். இந்தப் பிழையை விட்டுவிடு என்று ஓவர்ரைடு எழுதி, மேலே காரணமும் ஒரு வரி போட்டேன்.

மணி பதினொன்று. மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

வேலை அனுமதி மனுவின் புள்ளிக் கணக்கு. சின்ன நிறுவனம். அதனால் இரண்டு பிரிவில் தலா பத்துப் புள்ளி தானாக வரும். படிப்புக்குப் பத்து. சம்பளத்துக்குப் பத்து வந்தால் நாற்பது. வரும்.

மார்ச் 9, ஞாயிறு

காப்பிரைட் கோப்பு. பேக்கேஜ் வேலையில் பலருக்கும் இதுதான் எரிச்சல். எனக்கு எப்போதும் பிடித்தது. ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். லைசென்ஸ்செக் ஓட்டினால் பெரும்பாலும் எம்ஐடி உரிமம், அங்கங்கே அப்பாச்சி உரிமம். சிப் கம்பெனி கொடுத்த ஸ்டார்ட்டப் கோப்பு ஒன்றின் தலையில் மட்டும் ஒரு நீளமான பத்தி. அதன் நடுவில், 'எங்கள் சிப்புகளோடு மட்டுமே பயன்படுத்தலாம்.'

இது போதும், பேக்கேஜ் மெயின் என்ற டெபியனின் முதன்மைப் பிரிவுக்குள் போகாது. டெபியனின் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டி, சுருக்கமாக டிஎஃப்எஸ்ஜி, 1997இலிருந்து இருக்கிறது. எந்தத் துறையிலும் பயன்படுத்தத் தடை கூடாது என்கிறது அதன் ஆறாவது விதி. என் பேக்கேஜை டெபியனுக்குள் ஏற்றித் தரும் ஸ்பான்சருக்கு எழுதினேன். அவர் ஜெர்மனியில், நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். அங்கே விடிந்ததும் ஒரு வரிப் பதில்: தூக்கிவிடு.

தூக்குவது எளிது. விலக்கும் கோப்புகள் பட்டியலில் பெயரைப் போட்டால் யூஸ்கேன் கருவி மூலத்தை மறுபடி கட்டிக் கொடுக்கும், பதிப்பு எண்ணின் வாலில் டிஎஃப்எஸ்ஜி என்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கோப்பு இல்லாமல் சிப் கண் விழிக்காது. மின்சாரம் வந்ததும் கார்ட்டெக்ஸ் எம்3 செய்வது இவ்வளவுதான்: முதல் நான்கு பைட்டில் ஸ்டாக்கின் உச்சியைப் படிக்கும், அடுத்த நான்கு பைட்டில் எங்கே குதிக்க வேண்டும் என்று படிக்கும், குதிக்கும். குதித்த இடத்தில் ஆரம்ப மதிப்புள்ள மாறிகளை ஃப்ளாஷிலிருந்து ராமுக்கு நகலெடுக்க வேண்டும். மற்றவற்றைச் சுழியமாக்க வேண்டும். அப்புறம் நிரலின் மெயின் ஃபங்ஷன். இதற்கு எதற்கு அத்தனை நீள உரிமம்? நானே எழுதினேன், எம்ஐடியில் விட்டேன். மேலே என் பெயர், 2025.

எட்டரை மணிக்கு அவள் ஃபோன். தஞ்சாவூரில் ஆறு. "ஏங்க, இதுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?" இல்லை என்றேன். "சரி, சாப்பிட்டீங்களா?"

மார்ச் 10, திங்கள்

சிம் லிம் டவரில் புளூ பில் என்ற சிறு சிப் பலகை ஒன்று வாங்கினேன். 64 கேபி ஃப்ளாஷ், 20 கேபி ராம். சிப்பில் நிரலை ஏற்றும் ஓப்பன்ஓசிடி இந்தச் சிப்பை ஏற்க மறுத்தது. அடையாள எண் ஒன்றில் தொடங்க வேண்டும், இதில் இரண்டில் தொடங்குகிறது. அச்சாக அதே போல, மேலே அதே பெயர் பொறித்த, வேறு யாரோ செய்த சிப். கன்ஃபிக் கோப்பில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றினேன், ஒத்துக்கொண்டது. பிசி13 என்ற பின்னில் சுழியம் எழுதினால் விளக்கு எரியும். எரிந்தது. நான் எழுதிய ஸ்டார்ட்டப்பில்தான்.

இரண்டில் தொடங்கினால் என்ன? வேலை செய்கிறதே.

மார்ச் 11, செவ்வாய்

அந்த பைத்தான் கருவி, கட்டும் நேரத்தைப் பதிப்புத் தலைப்பில் எழுதிவைக்கிறது. அதை எடுத்துவிட்டு, சேஞ்ச்லாக் தேதியைப் படிக்க வைத்தேன். இன்று இங்கே கட்டினாலும், அடுத்த மாதம் எந்த ஊரில், எந்த நேர மண்டலத்தில் கட்டினாலும் ஒரு பைட்கூட மாறக் கூடாது.

பரிசீலனையில்.

மார்ச் 12, புதன்

ஸ்பான்சர் ஏற்றிவிட்டார். புதுப் பேக்கேஜுகள் காத்திருக்கும் நியூ வரிசையில் பெயர் தெரிகிறது.

மார்ச் 15, சனி

ஃப்ரீஸ் தொடங்கியது. புது லைப்ரரி மாற்றங்களுக்குத்தான் இன்று கதவு அடைப்பு. எனக்கு இல்லை. எனக்கு இன்னும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

நியூ வரிசையை எஃப்டிபி மாஸ்டர்கள், அதாவது டெபியன் களஞ்சியத்தின் பொறுப்பாளர்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எல்லாரும் தன்னார்வலர்கள். சிலதற்கு இரண்டு நாள், சிலதற்கு மாதக்கணக்கு. முன்னால் எத்தனை பேர் என்று பார்ப்பதில் பொருளில்லை, அது நேர் வரிசையே இல்லை. ஆனாலும் பார்க்கிறேன். ஒரு தாவலில் அது, பக்கத்துத் தாவலில் என் மனு உள்ள மனிதவள அமைச்சு.

ஏற்றுக்கொண்டாலும் முடியாது. ஏற்றியவர் கட்டிய பைனரியோடு இருக்கும் பேக்கேஜை டெஸ்டிங்குக்கு நகர்த்த மாட்டார்கள். மூலத்தை மட்டும் வைத்து அடுத்த திருத்தம் ஒன்றை ஏற்ற வேண்டும், டெபியனின் இயந்திரங்களே அதைக் கட்ட வேண்டும். சோதனைகள் தேறினால் நகர்வதற்கான நாட்கள் குறையும். ஆகவே இன்று ஆட்டோபிகேஜிடெஸ்ட் என்ற தானியங்கிச் சோதனை எழுதினேன். பேக்கேஜை நிறுவி, விளக்கு நிரலைக் கட்டி, வந்த கோப்பின் முதல் நான்கு பைட் ராம் முகவரிதானா என்று பார்க்கும். பலகை தேவையில்லை.

மார்ச் 19, புதன்

மழை. வெளியே போகவில்லை. என் கல்லூரிச் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டார்களாம். சரிபார்த்துவிட்டால் பத்து உறுதிதானே?

மார்ச் 22, சனி

வீட்டுக்கார அக்கா நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். இஞ்சி தூக்கலாக, நன்றாக இருந்தது. "பெருநாளுக்கு இருப்பியா தம்பி?" பெருநாள் 31. "பாக்கலாம் அக்கா" என்றேன். மாலையில் ஒரு பையன் அறையைப் பார்க்க வந்தான். அலமாரியைத் திறந்து பார்த்தான், என் சட்டைகள் தொங்கும்போதே. ஜன்னல் எந்தப் பக்கம் வெயில் என்று கேட்டான். மேற்கு என்றேன். கிழக்குதான்.

மார்ச் 24, திங்கள்

நிராகரிப்பு. மரியாதையான மடல். ஸ்டார்ட்டப் கோப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆவண அடைவுக்குள், ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜன் கருவி முன்பே உருவாக்கிப் போட்ட பக்கங்கள், அவற்றுக்குள் சுருக்கிய ஜேகுவெரி. சுருக்கியது மூலம் ஆகாது, மூலம் எங்கே என்று கேட்கிறார்கள். நியாயம். சிப்பில் விளக்கு எரிய வைக்கும் பேக்கேஜுக்குள் வலைப்பக்க நிரல் எதற்கு என்று இரவு முழுக்கக் கோபம்.

மார்ச் 25, செவ்வாய்

ஆவண அடைவு முழுவதையும் விலக்கும் பட்டியலில் சேர்த்தேன். கட்டும்போது டெபியனின் டாக்ஸிஜனே புதிதாக உருவாக்கிக்கொள்ளட்டும். ஆவணங்களைத் தனிப் பேக்கேஜாகப் பிரி என்கிறார் ஸ்பான்சர், அதுவும் சரிதான். திரும்ப நியூ வரிசையில்தான் நுழைய வேண்டும்.

ஏப்ரல் வாடகை பற்றி அக்கா கேட்டார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

லின்டியனில் ஒரே எச்சரிக்கைதான் மிச்சம், கருவிக்கு மேன் பேஜ், அதாவது பயன்பாட்டுக் குறிப்பு, இல்லையாம். எழுத உட்காருகிறேன்.