தும்பைக் கழற்றிவிட்டு விற்ற போன்

ஓமனில் இருந்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. காங்கேயத்தில் மாமனார் வீட்டுத் திண்ணையில் பேச்சுவாக்கில், என் பழைய துராயா சேட்டிலைட் போனைத் தொண்ணூறு ரியாலுக்கு விற்றுவிட்டு வந்ததைச் சொல்லிவிட்டேன். மாமா மனக்கணக்குப் போட்டார்.

"இருவதாயிரத்துக்குப் பக்கம் வருதுங்களே மாப்ளே! போட்டோ எடுக்காது, வாட்ஸ்அப் வராதுங்கறீங்க. அதுக்கா இவ்வளவு?"

மாமா மாட்டுத் தரகர். சித்திரை பிறந்தால் கண்ணபுரம் சந்தையில்தான் கிடப்பார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடிக்கிற ஆளிடம் விலையை விளக்குவது லேசான வேலை இல்லை.

நான் தண்ணீர் டேங்கர் ஓட்டியது ஹைமாவுக்குத் தெற்கே, பாலைவனத்தில். பல இடத்தில் செல்போன் டவரே கிடையாது. ஒரு ராத்திரி பின்சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. அந்தப் போனில் ஜிபிஎஸ் உண்டு. திரையில் தெரிந்த எண்களைக் கேம்ப்புக்கு வாசித்தேன். மூன்று மணி நேரத்தில் வண்டி வந்து இழுத்தது. செயற்கைக்கோள் இருப்பது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில். குரல் அங்கே போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பதில் கேட்க அரை விநாடி பிந்தும். "ஒவ்வொண்ணுக்கும் யோசிச்சு யோசிச்சுப் பதில் சொல்றீங்க" என்று வீட்டில் ஒருமுறை சண்டையே வந்தது.

வாங்க வந்தவர் ஒட்டகம் வைத்திருக்கும் ஒரு பெரியவர். டேங்கர் கதையை அரைகுறை அரபியில் உருக்கமாகச் சொன்னேன். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பின்மூடியைக் கழற்றி பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினார். ஆன்டெனாவை இழுத்து அடிப்பாகத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்தார். சார்ஜ் போடும் ஓட்டையில் ஊதினார், மணல் பறந்தது. அப்புறம் வெளியே போய், வீட்டுக்குள் இது எடுக்காது பாருங்கள், தென்மேற்கே ஆன்டெனாவைத் தூக்கி நின்று, தன் சிம்மைப் போட்டு மகனை அழைத்தார். மகன் பேசினான். நான் நூற்று முப்பது கேட்டிருந்தேன், அவர் எழுபதில் நின்றார். தொண்ணூறில் படிந்தது.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பல்லைப் புடிச்சுப் பாத்திருக்கான், சுழி பாத்திருக்கான், ஓட்டியும் பாத்திருக்கான். வெவரமான ஆளு. நீங்க கதை சொன்னதுதானுங்க தப்பு. விக்கறவன் ரொம்பப் பேசினா மாடு முட்டும்னு அர்த்தம்."

இன்னொன்றும் சொன்னேன். போன் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மேலே செயற்கைக்கோளும் உயிரோடு இருக்க வேண்டும். ஆசிய பசிபிக் பக்கம் சேவை தந்த துராயா-3 கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, அந்தப் பக்கம் அதை நம்பி இருந்த போன்கள் ஊமையாகிவிட்டன. ஓமன் வேறு கோளின் கீழ் வருகிறது. என் போனுக்கு விலை நின்றது அதனால்தான்.

"இங்க கொண்டாந்திருந்தா வால்பாறை எஸ்டேட்டுல எவனாச்சும் வாங்கியிருப்பானுங்களே?"

அந்த ஆசை எனக்கும் வந்ததுதான். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயாவோ, இரிடியம் என்கிற இன்னொரு கம்பெனி சேட்டிலைட் போனோ இந்தியாவுக்குள் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் சேட்டிலைட் போனில் பேசியவர்கள். கெடுபிடி இருக்கத்தானே செய்யும். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் மாட்டியிருக்கிறார்கள். இருபதாயிரத்துக்கு ஆசைப்பட்டு வக்கீலுக்கு லட்சம் கொடுக்க என்னால் ஆகாது.

மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "சரி, தும்பைக் கழட்டிக்கிட்டுத்தானே குடுத்தீங்க?"

மாட்டை விற்றாலும் கட்டின கயிற்றைக் கொடுப்பதில்லை இங்கே. பர்ஸைத் திறந்து பழைய சிம்மை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்திரமா வைங்க" என்று கொடுத்தார்.