தூங்குமூஞ்சி மரத்து மணி

நம் பள்ளிக்கூடத்து மணி ஒன்றரை அடி நீளத் தண்டவாளத் துண்டு. எந்தக் காலத்திலோ மீட்டர்கேஜ் பாதையிலிருந்து கழற்றிப் போட்டது. வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளையில் சங்கிலி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 1984 ஜூன் தொடங்கி 1985 ஏப்ரல் வரை அதை அடிக்கும் பொறுப்பு என் கையில் இருந்தது. நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி நண்பர் கேட்டதும் எனக்கு முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். அதிலும் அந்த வருஷத்தின் கடைசிப் பதினைந்து நாள் சத்தம்.

சங்கத்தில் இப்போது சேர்ந்திருக்கும் இளையவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்போது திருவாரூர் தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. வெட்டாற்றங்கரையில் ஒரு ஓட்டுக் கட்டடம், அதை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை, ஐந்து வகுப்பு, மூன்று பேர். தலைமையாசிரியரை ஊரே 'பெரிய சார்' என்றுதான் கூப்பிடும். நாலும் ஐந்தும் டீச்சர் பொறுப்பு. ஒன்று இரண்டை எடுத்த சின்ன சார் தினமும் திருவாரூரிலிருந்து சைக்கிளில் வருவார்.

ஆண்டு விழா எந்தத் தேதியில் என்பதைத் தீர்மானித்தது உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து பங்குனியில் காய்த்துவிடும். அதைப் பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுவரும்வரை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அம்மாவோடு வயலில் நிற்பார்கள். பெரிய சார் அவர்களைத் திட்டியதில்லை. உளுந்து களத்துக்கு வந்த பிறகே கூட்டாஞ்சோறுக்கும் விழாவுக்கும் நாள் குறிப்பார். பிள்ளைகள் வந்துவிடுவார்கள், வேலை ஓய்ந்து அம்மாக்களும் வந்து உட்காருவார்கள். அவர் செய்த நல்ல காரியங்களில் இதையே நான் முதலில் வைப்பேன். இப்போது நான் இருக்கும் சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு நவம்பரில் முடிகிறது. என் மகள் கையில் வாழ்த்து அட்டைகளோடு துள்ளிக்கொண்டு வருவாள். எனக்கோ வெளியே பெய்யும் மழையைப் பார்த்தால் ஊரில் ஐப்பசி அடைமழை, சம்பா நட்டு நிற்கிற நேரம் என்றே தோன்றும். காய்ந்த உளுந்துச் செடியின் வாசனை மூக்கில் ஏறாமல் ஒரு வருஷம் முடிந்ததாக என் மனம் ஒப்புவதில்லை.

பரீட்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேள்வியைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் அட்டை வைத்து எழுதுவோம்.

அது முடிந்த மறுநாள் கரும்பலகைக்குக் கரி பூசும் நாள். வருஷம் முழுக்கச் சுண்ணக்கட்டி தேய்ந்து பலகை வெளுத்துப் போயிருக்கும். வேலியோரம் போய்க் கோவை இலையும் ஊமத்தை இலையும் பறித்து வருவோம். கொட்டாங்கச்சியைச் சுட்ட கரியைத் தட்டி, இலைகளோடு சேர்த்து எங்களுக்குச் சமைத்துப்போடும் ஆயாவின் அம்மியில் மை போல அரைக்க வேண்டும். தேங்காய் மட்டையின் ஒரு முனையை நசுக்கினால் அதுதான் தூரிகை. ஒரு தடவை பூசி, காயவிட்டு, மறுபடி ஒரு தடவை. முழங்கை வரை பச்சையும் கறுப்புமாக நிற்போம். ஊமத்தை விஷம் என்பதால் டீச்சர் ஒவ்வொருவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, நகத்தைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் சாப்பாட்டுக்கு விடுவார். அந்தப் பலகையில் நாங்கள் ஒரு எழுத்தும் எழுதப்போவதில்லை. ஜூனில் வரப்போகிறவர்களுக்கு அது. டீச்சர் இதை ஒரு தடவைதான் சொன்னார். "அடுத்த வருஷம் உக்கார்ற பிள்ளைக்கு எழுத்து பளிச்சுனு தெரியணும்டா. நல்லா அழுத்திப் பூசு."

பிறகு கூட்டாஞ்சோறு. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் வெட்டாறு வெறும் மணல். அந்த மணலில்தான் எங்கள் விருந்து. ஆளுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்: அரிசி, பயறு, வெல்லம், கத்தரிக்காய், முருங்கைக்காய், கொல்லையில் விழுந்த மாங்காய். டீச்சர் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். கொட்டகையின் பின்பக்கம் ஒரு சாக்கை விரித்திருப்பார். ஒவ்வொருவராகத் தனியே உள்ளே போய், கொண்டுவந்ததை வைத்துவிட்டு மறுபக்கமாக வெளியே வர வேண்டும். யார் எவ்வளவு வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் கொண்டுவர முடியாதவனும் உள்ளே போய்விட்டு வரலாம். ஒரு வருஷம் என் அப்பாவுக்குக் காய்ச்சல், கூலிக்குப் போகவில்லை. நான் கைநிறையச் சுள்ளிதான் எடுத்துப் போனேன். வெளியே வந்தபோது டீச்சர் என் தலையைத் தொட்டு, "அடுப்பு எரியணும்ல" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கை இன்னும் தலையில் இருக்கிறது.

பெரிய பையன்கள் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் போனால் ஈரம், தோள் ஆழத்தில் தண்ணீர். முதலில் ஊறுவதை இறைத்துவிட வேண்டும். மூன்றாம் தடவைக்குப் பிறகு ஊறுவது கண்ணாடி போல இருக்கும். அந்தத் தண்ணீரில்தான் உலை. 1982 ஜூலையில் சத்துணவு வந்ததிலிருந்து எங்களுக்குச் சமைத்துப்போட்ட ஆயா அன்றைக்கு அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. அவருக்குத்தான் முதல் இலை. ஆயா உட்கார மாட்டேன் என்று ஒவ்வொரு வருஷமும் அழுவார், ஒவ்வொரு வருஷமும் பெரிய சார் கையைப் பிடித்து உட்காரவைப்பார்.

மணலில் ஒரே வரிசை. இதை நான் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது இரட்டைக் குவளை இருந்தது. எந்தத் தெருப் பையன் எந்த வாசல்வரை வரலாம் என்பதை ஆறு வயதுப் பிள்ளைகூட அறிந்திருந்தது. ஆற்று மணலில் டீச்சர் உயர வரிசைப்படி உட்காரவைத்தார். வேறு எந்த வரிசையும் அங்கே செல்லாது. கரைமேல் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப்போன பெரியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்களோடுதான் சாப்பிட்டார்கள்.

இனி நாடகம். திருவாரூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எதுவாக இருந்தாலும் மனுநீதிச் சோழனைப் போடாமல் இருக்க முடியாது. கன்றின்மேல் தேரை ஏற்றிவிட்ட மகனையே தேர்க்காலில் இட்ட அரசன் எங்களூர்க் கதை. கோயிலை ஒட்டி அந்தக் கல்தேர் நிற்கிறது, தேர் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். பசுவாக இரண்டு பையன்கள், மேலே ஒரு வெள்ளை வேட்டி. கன்றுக்குட்டி ஒன்றாம் வகுப்புப் பெண். தேருக்கு மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றைத் தச்சர் வீட்டிலிருந்து உருட்டி வந்தோம். ஆராய்ச்சி மணிக்கு மட்டும் வேறு மணி தேட வேண்டியிருக்கவில்லை. மரத்தடியையே மேடையாக்கிவிட்டார்கள். பசு கயிற்றைப் பிடித்து இழுக்கும். அந்த நேரம் சேலைத் திரைக்குப் பின்னால் நான் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும்.

ராத்திரி ஏழரை மணி இருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பசு தள்ளாடி வந்தது. கயிற்றை இழுத்தது. நான் என் பலமெல்லாம் சேர்த்து அடித்தேன். நிறுத்தாமல் அடி என்று சின்ன சார் சொல்லியிருந்தார். பகலில் அடிக்கும்போது அந்தச் சத்தம் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. அறுவடை முடிந்து வெட்டவெளியாகக் கிடந்த வயல்களைத் தாண்டி அது கிழக்குத் தெரு, களத்துமேடு எல்லாம் போயிருக்கிறது. எங்கள் ஊரில் இருட்டிய பிறகு மணி அடித்தால் இரண்டே அர்த்தம். மழைக்காலத்தில் ஆறு உடைப்பெடுத்தது என்று பொருள். கோடையில் எங்கோ தீ. கொஞ்ச நேரத்தில் வயல் வரப்பு வழியாக அரிக்கேன் விளக்குகள் ஓடி வந்தன. குடத்தில் தண்ணீரோடு பெண்கள், கையில் வாளியோடு ஆண்கள். "எங்கடா தீ? யார் வீடு?" என்று ஒரு பெரியவர் மூச்சுவாங்கிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். வைக்கோற்போர் ஒன்றும் எரியவில்லை, அரசன் வேஷத்தில் ஒரு பையன் திகைத்து நிற்கிறான்.

பெரிய சார் எழுந்து வந்தார். யாரையும் கோபிக்கவில்லை. ஓடி வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். "மணி அடிச்சா ஓடி வரணும். அந்த ராசா செஞ்சதும் அதுதான். வாங்க, உக்காருங்க" என்றார். கொண்டுவந்த குடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். விழாவுக்கு வராமல் வீட்டிலிருந்தவர்கள் அவர்கள். பசு மறுபடி தள்ளாடி வந்து மறுபடி கயிற்றை இழுத்தது. கன்றுக்குட்டி எழுந்து நின்றபோது அந்தப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு எவ்வளவோ அரங்குகளில் எவ்வளவோ நாடகம் பார்த்திருக்கிறேன். அதுபோல ஒரு சபை வாய்த்ததில்லை.

விழாவின் மற்ற அங்கங்கள், கும்மி, சாக்கு ஓட்டம், பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் கிண்ணம், எல்லாம் எல்லோர் நினைவிலும் இருக்கும். அவற்றை நண்பர்கள் எழுதட்டும். ஆனால் அந்தக் கீற்றுக் கொட்டகையை நினைக்கும்போது இப்போது மனம் வேறெங்கோ போய்விடுகிறது. அன்று வேஷம் கட்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் அதனுள்தான், ஒரு சிமினி விளக்கு வெளிச்சத்தில் நெருக்கியடித்து நின்றோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். செய்தி கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை. எங்கள் கொட்டகையின் அந்தச் சிமினி விளக்குதான் கண்ணில் நின்றது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுத்தார்கள். நம் பள்ளியிலும் எடுத்தார்கள்.

கடைசி நாள் பொறுப்பு மாற்றும் நாள். ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு பொறுப்பு இருந்தது. தண்ணீர்ப் பானை ஒருவனிடம், செம்பருத்திப் பாத்தி ஒருத்தியிடம், சாப்பிடுகிற பிள்ளைகளைக் காலையில் தலையெண்ணி ஆயாவிடம் சொல்வது இன்னொருத்தியிடம். எல்லாவற்றையும் நாலாம் வகுப்புக்குக் கைமாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பானைக்காரன் பானையைக் கழுவிக் கவிழ்த்துக் காட்டினான். எண்ணிக்கைக்காரி தன் சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தாள்.

மணி அதுவரை பையன்கள் கையில்தான் இருந்தது. டீச்சர் அன்றைக்கு ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். ஒல்லியான பெண், கம்பியைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. கம்பியைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால் அதன் பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் அது. சித்திரை வெயிலில் அந்த இரும்பு கையைப் பொசுக்கும். தண்டவாளத்தின் நடுவில் அடித்தால் சத்தம் மொத்தென்று விழும், அடிமுனையில் அடித்தால்தான் பாடும் என்பதையும் நான் சொல்லவில்லை. பத்து மாதத்தில் நானாகக் கண்டுபிடித்தது, என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். ஜனகணமன முடிந்ததும் அவள் அடித்தாள். நடுவில் அடித்தாள். வலித்திருக்கும்; காட்டிக்கொள்ளவில்லை.

ஜூனில் நான் திருவாரூர் உயர்நிலைப் பள்ளிக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். ஆற்றுப்பாலம் ஏறும்போது நம் பள்ளியின் முதல் மணி கேட்கும். ஒரு மாதம் போல அந்த மொத்தென்ற சத்தம்தான் வந்தது. ஒவ்வொரு காலையும் அதைக் கேட்டுக்கொண்டு, பையில் கிடந்த அந்தத் துணியை நினைத்துக்கொண்டு மிதித்தேன். ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம், ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, பாலத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மணி பாடியது. அடிமுனையில் அடித்திருந்தாள். அன்று சாயந்திரம் அவள் வீட்டு வாசலில் நின்று துணியை நீட்டினேன். "வேண்டாண்ணே, எங்கம்மா சேலைய சுத்திட்டேன்" என்றாள்.

2018 நவம்பர் 16 விடியலில் அடித்த கஜா புயலில் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது பள்ளிக்கும் போனேன். மின்சார மணி வைத்திருக்கிறார்கள். தண்டவாளத் துண்டு சங்கிலியோடு சாமான் அறை மூலையில் கிடந்தது. அதை மறுபடி எங்காவது தொங்கவிட வேண்டும் என்பதைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போகிறேன். வருஷக் கடைசி நாளில் மட்டும் ஒரு தடவை அடித்தால்கூடப் போதும். ஜன்னல் வெளிச்சத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முழுக்கத் துரு. அடிமுனையில் மட்டும், ஒரு கையகலத்துக்கு, இரும்பு பள்ளமாகத் தேய்ந்து வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது.