“என்ன நடந்ததென்று என்னிடம் சொல்லாதே”

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை லண்டன் பொலிஸ் பிடித்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரிக்கக்கூடாது. பொலிஸ் அதிகாரங்கள் பற்றிய 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த விதி, 17 வயதுப் பிள்ளைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். அம்மாவோ அப்பாவோ வர முடியாவிட்டால் என்னைப் போன்ற தொண்டர்களைக் கூப்பிடுவார்கள். பகலில் எனக்குக் கணக்கு வேலை, சில இரவுகளில் இது.

பொலிஸ் நிலையத்துக்குப் போனதும் பிள்ளையிடம் நான் முதலில் சொல்வதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், பிள்ளை சொல்வது அவர்களுக்குள் இருக்கும். என்னிடம் சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை, நாளைக்கு நீதிமன்றம் என்னைக் கேட்கலாம். அப்புறம், சொலிசிட்டர் வேண்டுமா என்று கேட்பேன். இலவசம்தான், ஆனாலும் பலர் வேண்டாம் என்பார்கள். “அவரும் பொலிசின்ட ஆள்தானே” என்ற பார்வை அது.

ஒரு கறுப்பினப் பையன் (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயது 15, ஆறடிக்குக் கிட்ட உயரம். சப்பாத்தைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். சொக்ஸின் பெருவிரல் ஓட்டையை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு இருந்தான். கடமையில் இருந்தவர் என்னிடம் மெதுவாக, “உண்மையாகவே 15 தானா?” என்றார். பிறந்த திகதி அவருடைய திரையிலேயே இருந்தது. உயரமான வெள்ளைக்காரப் பிள்ளைகளோடும் இருந்திருக்கிறேன், அவர்களைப் பற்றி ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

சின்னக் கேள்விதான். ஆனால் பிள்ளையைப் பெரிய ஆளாகப் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை லண்டனின் ஹக்னி பகுதியில் பார்த்தோம். 2020 இல், கஞ்சா வைத்திருக்கிறாள் என்ற சந்தேகத்தில் 15 வயதுக் கறுப்பின மாணவியைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஆடை களைந்து சோதித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. என்னைப் போன்ற ஒரு ஆள்கூட அந்த அறையில் இல்லை. பிறகு சிறுவர் ஆணையாளர் கணக்கெடுத்தபோது, 2018 முதல் 2020 வரை லண்டன் பொலிஸ் இப்படிச் சோதித்த பிள்ளைகள் 650 பேர். அதில் பையன்களில் 58 சதவீதம் கறுப்பினத்தவர்.

எனக்கு இதைவிட உறுத்துவது சத்தமில்லாமல் நடக்கும் விஷயம். அந்தப் பையன் எல்லாக் கேள்விக்கும் “நோ கொமென்ட்” என்றான். அது அவனுடைய உரிமை. ஆனால் எச்சரிக்கையோடு விட்டுவிடும் ‘யூத் கோஷன்’ கிடைக்கக் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றம் போனாலும், முதல் தடவை வருபவர் ஒத்துக்கொண்டால் பெரும்பாலும் ‘ரெஃபரல் ஓடர்’. அதாவது, ஊர்ச் சனம் இரண்டு பேரும் ஒரு அலுவலரும் பிள்ளையோடு மேசையில் இருந்து, செய்ததற்கு எப்படி ஈடு செய்வது என்று கதைப்பார்கள். முழுக்க மறுத்து வழக்கில் தோற்றவனுக்கு அந்தக் கதவு இல்லை. பொலிஸை நம்பக் காரணம் உள்ள பிள்ளை லேசான வழியில் வெளியே போகிறது. தெருவில் மறித்து மறித்துச் சோதிக்கப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொண்டு உள்ளே போகிறது. இதற்கு யாரும் இனவாதியாக இருக்கத் தேவையில்லை, படிவத்தை ஒழுங்காக நிரப்பினாலே போதும்.

நீதித்துறை சிறுபான்மை இனத்தவரை நடத்தும் விதம் பற்றி எம்.பி. டேவிட் லாமி 2017 இல் எழுதிய அறிக்கையில் இதைத்தான் சொன்னார். இங்கிலாந்து, வேல்ஸில் அடைக்கப்பட்ட சிறுவர்களின் மொத்தத் தொகை அதற்கு முந்திய பத்து வருடங்களில் பெருமளவு குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் அவர்களில் சிறுபான்மை இனத்தவர் 2006 இல் 25 சதவீதம், 2016 இல் 41. ஒத்துக்கொள்ளச் சொல்லாமலே பிள்ளைகளைத் திருத்தும் திட்டங்களுக்கு அனுப்புங்கள் என்றும் அவர் கேட்டிருந்தார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

எங்கட ஆக்களிடம் இதைக் கதைத்தால், “அது கறுப்புப் பெடியங்கட பிரச்சினை, ஏன் உங்களுக்கு?” என்பார்கள். இலங்கையில் எண்பத்து மூன்றுக் கலவரத்தைக் கண்டு ஓடி வந்தவர்கள் வாயிலிருந்து இது வரும்போது எரிச்சலாக இருக்கும். அதே ஆக்கள், சொந்தப் பெடியன் பிடிபட்டால் சொல்வது வேறு: “ஒத்துக்கொண்டு வீட்ட வா, நாளைக்குப் பரீட்சை இருக்கு.” அவன் செய்யாததையும் சேர்த்து ஒத்துக்கொள்வான்.

அப்படி ஒரு இரவு வந்தால், முதலில் சொலிசிட்டரைக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தை விசாரிக்க மாட்டார்கள். மகன் வேண்டாம் என்றாலும், வரச் சொல்லும் உரிமை பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு உண்டு.