600 மிமீ, எஃப்/6.3: பட்ஜெட் டெலிஜூமில் பறவையும் நிலாவும்

தூரத்தில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பட்ஜெட் ஜூம் லென்ஸ்களான சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600 இரண்டுக்கும் முன்பக்கம் மாட்டும் ஃபில்டரின் அளவு 95 மிமீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்துப் பாருங்கள்; அதே 95 வரும். லென்ஸின் எஃப் எண் என்பதே குவிய நீளத்தை, ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்த கணக்குதான். இதே 600 மிமீ எஃப்/4 ஆக வேண்டுமென்றால் வாய் 150 மிமீ அகலம் இருக்க வேண்டும். அந்தப் பருமனில் குறையில்லாத கண்ணாடி செய்ய வேண்டியிருப்பதால்தான் அதன் விலை பல மடங்கு ஏறுகிறது. அது உள்வாங்கும் வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் நம் லென்ஸுக்குள் வரும்.

பட்ஜெட் டெலிஜூமில் நாம் முக்கியமாக இழப்பது இந்த வெளிச்சத்தைத்தான். கூர்மையை அவ்வளவாக இழப்பதில்லை. ‘600-ல் சாஃப்டா இருக்கு’ என்று சொல்லப்படும் படங்களை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால், பெரும்பாலும் கை நடுக்கம், தப்பிய ஃபோகஸ், கானல் (சூடான காற்றின் அலைவு) இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. எது என்று பிரித்தறிவதும் எளிது. படம் முழுக்க எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் நடுக்கம். பறவை மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் துல்லியமாக இருந்தால் ஃபோகஸ். எங்குமே துல்லியம் இல்லாமல், விளிம்புகள் நெளிந்து, அடுத்தடுத்த ஃப்ரேமில் வேறு வேறு மாதிரி நெளிந்திருந்தால் அது கானல். லென்ஸை விற்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

நடுக்கத்துக்கு மருந்து ஷட்டர் வேகம். முழு ஃப்ரேமைவிடச் சிறிய, 1.5 மடங்கு க்ராப் சென்சாரில் 600 மிமீ காட்டும் பார்வை முழு ஃப்ரேமில் 900 மிமீ-க்குச் சமம், கேனனின் க்ராப் சென்சாரில் 960. ஆகவே கையில் பிடித்து எடுக்க 1/1000 நொடியைத் தொடக்கமாக வையுங்கள். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று 1/125-க்கு இறங்கினால் கிளை கூர்மையாக வரும், அதில் தலையைத் திருப்பிக்கொண்டிருக்கும் பறவை வராது. ஸ்டெபிலைசர் நம் கையை அடக்கும், பறவையை அடக்காது. அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/500 போதும். துறுதுறுவென்று தாவும் சிறு பறவைக்கு 1/1000. பறக்கும்போது 1/2000, சிறகை வேகமாக அடிக்கும் சிறியவற்றுக்கு 1/3200. மேயும் மானுக்கு 1/500, அது ஓடத் தொடங்கினால் 1/1600.

மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில், 6400 வரம்போடு விட்டுவிடுவதுதான் என் பார்வையில் இந்த லென்ஸ்களுக்குப் பொருத்தமான வழி. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிப்புள்ளியான நொய்ஸை மென்பொருளில் குறைக்கலாம். அசைந்த படத்தை எதனாலும் சரிசெய்ய முடியாது. வெயில் நன்றாக இருக்கும்போது எஃப்/8 வையுங்கள், பெரும்பாலான பட்ஜெட் ஜூம்கள் 600-ல் அங்கேதான் தெளிகின்றன. காலை ஆறரை மணி வெளிச்சத்தில் எஃப்/6.3-லேயே இருங்கள். வெள்ளைக் கொக்கு ஃப்ரேமை நிறைத்தால் எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). வெளிறிய வானத்தின் முன் பறக்கும் பருந்துக்கு 1 முதல் 1.7 ஸ்டாப் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதன் அடிவயிறு வெறும் கறுப்பு நிழலாகிவிடும்.

ஃபோகஸில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். க்ராப் கேமராவில் 600 மிமீ, எஃப்/6.3, பறவை 10 மீட்டரில்: துல்லியமாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 7 செ.மீ. 5 மீட்டரில் அது 2 செ.மீ-க்கும் குறைவு. அலகின் நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து கண் மேல் வையுங்கள். அடர்ந்த கிளைகளுக்குள் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடிக்கொண்டே இருந்தால், பக்கவாட்டில் உள்ள ஃபோகஸ் லிமிட் சுவிட்சைத் தூரப் பக்கம் தள்ளுங்கள். அது அருகில் தேடுவதை விட்டுவிடும். அதே சுவிட்சை மறந்துவிட்டு, மூன்று மீட்டரில் வந்து உட்கார்ந்த பறவைக்கு ஃபோகஸ் பிடிக்கவில்லையே என்று தவிப்பதும் நடக்கும். டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்றையும் சரிபாருங்கள்: ஒரே பக்கமாக, எப்போதும் பறவைக்குச் சற்றுப் பின்னாலேயே ஃபோகஸ் விழுகிறதென்றால், கேமராவின் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) நுண்திருத்த மெனுவில் அதைச் சரிசெய்யலாம்.

பறவையை ஃப்ரேமுக்குள் கொண்டுவருவதே முதலில் பெரும்பாடு. 600-ல் க்ராப் ஃப்ரேமின் மொத்த அகலமும் நான்கு நிலாவை வரிசையாக வைத்தால் நிரம்பிவிடும். ஆகவே 200-ல் தேடிப் பிடித்து, மையத்துக்குக் கொண்டுவந்து, பிறகு 600-க்கு இழுங்கள்.

நெருங்குவதற்கு இணையான லென்ஸ் கிடையாது. 15 செ.மீ நீளப் பறவை 10 மீட்டரில் இருந்தால் 600 மிமீ-ல் சென்சாரின் மேல் 9 மிமீ நீளத்துக்கு விழும், ஃப்ரேமின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 20 மீட்டரில் அது 4.5 மிமீ, 300 மிமீ லென்ஸ் வைத்திருப்பவர் 10 மீட்டரில் இருந்தே அதை எடுத்துவிடுவார். தூரம் கூடக்கூட நடுவில் உள்ள காற்றும் கூடுகிறது. வெயில் ஏறிய பிறகு சூடான தரைக்கு மேலாக 60 மீட்டர் தள்ளி எடுக்கும் படத்தை எந்த விலை லென்ஸும் காப்பாற்றாது. காலை முதல் இரண்டு மணி நேரம், மாலை கடைசி இரண்டு மணி நேரம், நிழல் விழுந்த தரை, நீர்ப்பரப்பின் ஓரம்: கானல் குறைவாக இருப்பது இங்கெல்லாம்தான். காருக்குள் இருந்து எடுத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே தேங்கிய சூடு வெளியேறும்வரை கண்ணாடிகளை இறக்கிவைத்துக் காத்திருங்கள்.

நெருங்குவதற்கும் எல்லை உண்டு. பறவை தின்பதை நிறுத்தி உங்களையே பார்த்தால், உடலைத் தாழ்த்தினால், எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கூட்டின் பக்கமே போக வேண்டாம். தாய் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் முட்டை சூடேறலாம், குளிரலாம், காகம் எடுத்துப் போகலாம்.

டெலிகன்வர்ட்டர் வாங்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டும் அதில், 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப்பைத் தின்றுவிடும், எஃப்/6.3 எஃப்/9 ஆகும். பல டிஎஸ்எல்ஆர்களில் அதற்கு மேல் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அல்லது வேலையே செய்யாது. லென்ஸைப் பாதுகாக்க மாட்டும் மலிவான யூவி ஃபில்டரும் அப்படித்தான்: 50 மிமீ-ல் தெரியாத அதன் குறை 600-ல் படம் முழுக்கத் தெரியும். கழற்றிவிட்டு ஹுட்டை மாட்டுங்கள்.

இரண்டு கிலோ லென்ஸைப் பிடிக்க இடது கை லென்ஸின் நடுப்பகுதிக்கு அடியில், முழங்கை விலாவோடு ஒட்டி இருக்க வேண்டும். தூக்கும்போது லென்ஸைச் சுற்றியுள்ள வளையமான காலரைப் பிடித்துத் தூக்குங்கள், கேமராவைப் பிடித்து அல்ல. கேமராவைப் பிடித்தால் பாரம் முழுக்க, லென்ஸும் கேமராவும் இணையும் மவுண்ட்டில் இறங்கும். தோளில் தொங்கவிட்டு நடந்தால் ஜூம் தானாக நீண்டு இறங்கும், 150-ல் லாக் போட்டுவிடுங்கள். டிரைபாடிலும் காலரைத்தான் மாட்ட வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

நிலாவுக்கு லென்ஸைத் திருப்பினால் கணக்கு தலைகீழ். பறவைக்குப் போதாத வெளிச்சம் இங்கே தாராளமாக இருக்கிறது, ஏனென்றால் நிலா என்பது நேரடி வெயிலில் கிடக்கும் பாறை. கேமராவின் மீட்டர் கறுப்பு வானத்தைக் கண்டு ஏமாந்து நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். மேனுவலில் வையுங்கள். முழுநிலாவுக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 என்பது பழைய சூத்திரம். எஃப்/8 என்றால் 1/200. அரைநிலாவுக்கு இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும், அதாவது எஃப்/8-ல் 1/50. மெல்லிய பிறைக்கு 1/25. அடிவானத்தில் சிவந்து நிற்கும்போது இன்னும் ஒன்றிரண்டு ஸ்டாப் தேவைப்படும்.

சென்சாரில் நிலாவின் அளவு, குவிய நீளத்தை 110-ஆல் வகுத்தால் கிடைக்கும். 600-ல் 5.5 மிமீ. 24 மெகாபிக்சல் க்ராப் கேமராவில் அது சுமார் 1400 பிக்சல் விட்டம். 300 மிமீ-ல் அதில் பாதி. 1400 பிக்சல் நிலாவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2.5 கி.மீ. 93 கி.மீ அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம் சுமார் 37 பிக்சலில் விழும்: படிக்கட்டு போல் இறங்கும் சுவரும், நடுவே துருத்தும் மேடும் அடையாளம் தெரியும் அளவு.

ஆனால் அது பௌர்ணமியன்று தெரியாது. அன்று சூரியன் நமக்குப் பின்னாலிருந்து அடிப்பதால் பள்ளங்களுக்கு நிழலே விழாது. டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகள் மட்டும் எடுப்பாகத் தெரியும். பள்ளங்கள் வேண்டுமென்றால் அரைநிலாவை ஒட்டிய நாட்களில், இருளும் ஒளியும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். வளர்பிறை அரைநிலாவுக்கு ஒரு நாள் கழித்து கிளேவியஸ் பள்ளமும் டைக்கோவும் அந்தக் கோட்டில் வரும், அதற்கு அடுத்த நாள் வாக்கில் கோப்பர்நிக்கஸ். வளர்பிறை அரைநிலா சூரியன் மறையும் வேளையில் வானில் உயரத்தில் நிற்பதும் வசதி. உயரத்தில் இருந்தால் இடையில் உள்ள காற்று குறைவு.

ஃபோகஸை ஆட்டோவில் விட வேண்டாம். பின்திரையில் காட்சி ஓடும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, ஒளி-நிழல் கோட்டில் ஒரு பள்ளத்தின் விளிம்பை எடுத்துக்கொண்டு கையால் திருப்புங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள்; வெப்பத்தில் கண்ணாடியும் குழாயும் விரிவதைக் கருதி அதைத் தாண்டியும் வளையம் திரும்பும்படிதான் செய்திருக்கிறார்கள். சரியான இடத்தைக் கடந்து, மங்கலான பிறகு திரும்பி வந்து நிறுத்துங்கள். வெப்பநிலை மாறினால் திரும்பப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்து கொண்டுவந்த லென்ஸை வெளியே அரைமணி நேரம் ஆற விடுங்கள்.

டிரைபாடில் மாட்டி, ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு 5 அல்லது 10 நொடி டைமர் வையுங்கள். 2 நொடி இவ்வளவு நீள லென்ஸுக்குப் பற்றாது, பட்டனைத் தொட்ட அதிர்வு அதற்குள் அடங்காது. ஷட்டரின் அதிர்வைக் குறைக்கும் எலக்ட்ரானிக் முதல் திரை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், டிஎஸ்எல்ஆரில் உள்ளிருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்கும் வசதியையும். பூமி சுற்றுவதால் நிலா 600 மிமீ-ல் நொடிக்கு சுமார் 11 பிக்சல் நகரும். 1/25-ல் அது அரை பிக்சல் கூட வராது.

நிலாவோடு பறவையும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அதே 110 உதவும். 30 செ.மீ பறவை 33 மீட்டர் தள்ளி இருந்தால் நிலாவின் அளவுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தூரத்தில் எஃப்/11 வைத்தாலும் பறவையில் ஃபோகஸ் விழுந்தால் நிலாவின் விளிம்பு அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பரவிவிடும். பள்ளங்கள் தெரியாது, மஞ்சள் வட்டமாக மட்டும் நிற்கும். அதுவும் அழகுதான்.

ஒரே ஒரு நல்ல படம் போதும் என்றில்லாமல் 50 ராஃபைல் (சென்சார் பதிவுசெய்த மூலக் கோப்பு) வரிசையாக எடுங்கள். மேலே காற்று அலைவதால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடம் தெளிந்திருக்கும். பிப் (PIPP) மென்பொருளில் நிலாவை நடுவில் நிறுத்தி வெட்டி, ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) மென்பொருளில் கொடுத்தால் அது தரம் பிரிக்கும். மேலான 30 சதவீதத்தை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கிய படம் முதலில் மந்தமாகத்தான் தெரியும். நொய்ஸ் குறைந்திருப்பதால் அது கூர்மையாக்கலைத் தாங்கும். சிறிய ஆரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே நிலாவின் ஒளிப்பக்க விளிம்பைக் கவனியுங்கள். அங்கே மெல்லிய வெள்ளைக் கோடு எழும்பினால் அளவு மீறிவிட்டது, அது மறையும்வரை ஸ்லைடரைப் பின்னுக்கு இழுங்கள்.